வாடகை இல்லாத தண்ணீர்

படகில் குடியிருக்கிறோம் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "பயமா இல்லையா?" இரண்டாவது, "டாய்லெட் இருக்கா?" மூன்றாவதாக வரவேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "படகை எங்க நிறுத்துறீங்க? அதுக்கு எவ்வளவு ஆகுது?" காலையில் பசியாறும்போதும் இரவு விளக்கணைக்கும்போதும் நானும் கணவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

படகு வாங்குவது அவ்வளவு பெரிய விஷயமில்லை. எங்களுடையது 32 அடி நீளம், 1980களில் கட்டப்பட்ட ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு. ஓரளவு ஓடிய மைவி கார் ஒன்றின் விலைக்குக் கிடைத்தது. லங்காவியில் இப்படிப் படகுகள் எப்போதும் விற்பனைக்கு இருக்கும். உலகம் சுற்றக் கிளம்பியவர்களுக்கு இங்கே வந்து சேர்வதற்குள் வயதாகிவிடும். அல்லது கணவன் மனைவிக்குள் ஒத்துவராது. அல்லது காசு தீர்ந்துவிடும். படகை விற்றுவிட்டு விமானம் ஏறிப் போய்விடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு அன்றிலிருந்து ஆரம்பிக்கிறது, அதை நிறுத்துவதற்கான இடம் தேடும் வேலை.

ஏன் லங்காவி? ஆறு டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் தீவு. வங்காள விரிகுடாவைப்போல இங்கே புயல் சீசன் என்று ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவது மிக அரிது. 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் படகுச் சாமான்களும் சற்று மலிவு. சுற்றிலும் சின்னச் சின்னத் தீவுகள், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒதுங்க ஒரு மறைவு. அதனால்தான் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், நியூசிலாந்து என்று பல நாட்டுக் கொடிகள் கட்டிய படகுகள் குவா துறைமுகத்தில் நிற்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நாங்களும்.

படகை நிறுத்த மூன்று வழிகள் உண்டு. மரீனா, மிதவை, நங்கூரம்.

மரீனாவில் அடிக் கணக்கில் வாடகை. உதாரணத்துக்கு அடிக்கு மாதம் 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 32 அடிக்கு 640 வெள்ளி. மின்சாரமும் தண்ணீரும் தனி. படகிலேயே குடியிருந்தால் சில இடங்களில் அதற்கும் ஒரு கூடுதல் கட்டணம். அடி என்றால் படகின் உடம்பு மட்டுமில்லை. முன்னால் துருத்தும் நங்கூரம் முதல் பின்னால் தொங்கும் டிங்கி வரை நாடா வைத்து அளக்கும் இடங்களும் உண்டு. இரட்டை உடல் கொண்ட கட்டமரான் என்றால் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு. நம் கட்டுமரத்திலிருந்து போன சொல், இப்போது அதிக வாடகை கொடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

மரீனாக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று நங்கூரவாசிகள் புலம்புவதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மிதக்கும் நடைமேடை, அதைப் பிடித்து நிறுத்தும் தூண்கள், அலைத்தடுப்பு எல்லாமே உப்புத் தண்ணீரில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பவை. அடியில் சேறு சேர்ந்துகொண்டே இருக்கும், தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் லங்காவியின் மேற்குப் பக்கத்திலுள்ள ரெபாக், தெலாகா இரண்டு மரீனாக்களும் பலமாகச் சேதமடைந்தன. அதை மறுபடி கட்டிய செலவையும் யாராவது அடிக் கணக்கில் கொடுத்துத்தானே ஆகவேண்டும். அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட எங்களால் முடியாது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், அவர் கட்டட வரைபடம் வரைகிறார். வேலை வந்தால் வரும், வராவிட்டால் வராது.

இரண்டாவது வழி மிதவை. கடலடியில் ஒரு கனமான கான்கிரீட் கட்டை, அதிலிருந்து சங்கிலி, மேலே மிதக்கும் பந்து. பந்தில் கயிற்றைக் கட்டிவிட்டால் போதும். வாடகை மரீனாவைவிடக் குறைவு. சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிப் படுக்கவேண்டும். ஒரு டன் கான்கிரீட் என்று சொல்வார்கள். தண்ணீருக்குள் கான்கிரீட் தன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். ஒரு டன், சுமார் 570 கிலோவாகத்தான் இழுக்கும். சேற்றில் நன்றாகப் புதைந்திருந்தால் பரவாயில்லை. மணலின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் பெரிய காற்றில் அதுவும் நம்மோடு கிளம்பி வரும். சங்கிலியும் திருகு வளையமும் ஒன்றையொன்று உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் மிதவை வாடகைக்கு எடுத்தால் முதல் வேலை, கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்துப் பார்ப்பது. குவாவின் கலங்கல் தண்ணீரில் பார்க்க முடியாது, தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது நங்கூரம். இதற்கு வாடகை இல்லை. குறைந்த வருமானத்தில் கடலோடுவதைப் பற்றி ஆனி ஹில் 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். சின்ன வருமானத்தில் படகில் வாழ்கிறவர்கள் பலருக்கும் அது பாடநூல் மாதிரி. மரீனாப் பக்கம் போகாமல் நங்கூரத்திலேயே இருக்கப் பழகு என்பது அவர் கணக்கின் முக்கியமான வரி. நாங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டோம்.

நங்கூரம் என்றால் ஒரு கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது என்று நானும் சினிமா பார்த்து நம்பியிருந்தவள்தான். நிஜத்தில் படகைப் பிடித்து வைப்பது நங்கூரத்தின் எடை மட்டுமில்லை, கடலடியில் படுத்துக் கிடக்கும் சங்கிலியும்தான். வற்றத்தில் ஆழம் 4 மீட்டர், ஏற்றத்தில் இன்னும் 3 மீட்டர் கூடும், தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் மூக்கு 1 மீட்டர். மொத்தம் 8. அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர் சங்கிலி விட்டால்தான் இழுவை கிடையாக விழும், நங்கூரம் சேற்றைக் கவ்வும். பெரிய காற்று வரும் என்றால் ஏழு மடங்கு. இப்போது படகு அந்தப் புள்ளியைச் சுற்றி ஏறக்குறைய 50 மீட்டர் ஆரத்தில் ஆடும். அந்த வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. பக்கத்துப் படகும் தன் வட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஆக, வாடகை இல்லாத இடத்திலும் இட நெருக்கடி உண்டு, வேலித் தகராறு உண்டு. வேலி மட்டும்தான் இல்லை.

இலவசம் என்ற சொல்லுக்குள் பல செலவுகள் ஒளிந்திருக்கின்றன. சங்கிலி துருப்பிடிக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீரைத் தோங்கில் பிடித்து டிங்கியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இருவருக்கு வாரம் நூற்றைம்பது லிட்டர் என்று அளந்து வாழ்கிறோம். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டால் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு டின் மீனுக்கு மாறிவிடுவோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, டிங்கியை எங்கே கட்டுவது? கரையில் கால் வைக்க ஓர் இடம் இல்லையென்றால் எவ்வளவு நல்ல நங்கூரமிடமும் வெறும் காட்சிதான். நங்கூரம் போடக் கூடாது என்று எழுதி வைக்காமலேயே படகுவாசிகளை விரட்டச் சுலபமான வழி, டிங்கி கட்டும் ஜெட்டிக்குப் பூட்டுப் போடுவது. அதனால் ஒரு புது இடத்துக்குப் போனால் வரைபடத்தில் ஆழம் பார்ப்பதற்கு முன்னால் நான் தேடுவது, ஒரு படிக்கட்டு. அப்புறம் அதிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மளிகைக் கடை.

தூக்கமும் ஒரு செலவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன்னால் வரும் திடீர்க் காற்றுக்கு "சுமத்ரா" என்று பெயர். சுமத்ரா தீவுப் பக்கம் உருவாகி இங்கே வருவதால் அந்தப் பெயர். மேற்கே ஒரு கறுப்புச் சுவர் எழும். அரை மணி நேரம் முன்பு கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் திடீரென்று கொதிக்கும். அப்படி ஒரு விடியலில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய படகு நங்கூரம் பிய்த்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. அதில் ஆளில்லை. கணவர் எஞ்சினை ஓட்ட, நான் முன்னால் போய் மழையில் கண் திறக்க முடியாமல் சங்கிலியை இன்னும் பத்து மீட்டர் விட்டேன். இரண்டு கை நீளம் இடைவெளியில் அது எங்களைக் கடந்து போய் பின்னால் சேற்றில் தட்டி நின்றது. காலை ஏழு மணிக்கு வெயில் அடித்தது. எதுவும் நடக்காததுபோல் குவா ஜெட்டியிலிருந்து ஃபெர்ரி கிளம்பியது.

ஆளில்லாத படகுகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பலர் தங்கள் படகுகளிலிருந்து வெகுதூரத்தில் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, சிலருக்கு மனசு விட்டுப்போனது. படகு மட்டும் அங்கேயே நின்று, அடியில் சிப்பி வளர்ந்து, மழைத் தண்ணீர் சேர்ந்து, மெல்ல மெல்லத் தாழும். அதை எடுக்கிற செலவு யார் தலையில்? கடைசியில் பொதுமக்கள் தலையில். நங்கூரமிட்டு வாழ்கிறவர்களைப் பற்றி அரசாங்கங்களுக்குக் கோபம் வர இதுவே முதல் காரணம்.

அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் ரிச்சர்ட்சன் விரிகுடா என்று ஓரிடம் இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாக வாடகை கட்ட முடியாதவர்கள் பழைய படகுகளில் நங்கூரமிட்டு வாழ்ந்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் 200 படகுகளுக்கு மேல். எதிரே மலைச்சரிவில் கோடீஸ்வரர் வீடுகள். 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது, யாரும் பெரிதாக அமல்படுத்தவில்லை. பிறகு கடலடிப் புல்வெளிப் பிரச்சினை முன்னுக்கு வந்தது. காற்றுக்கு ஆடும் படகின் சங்கிலி கடலடியில் வட்டமாகப் புல்லைச் செரைத்துவிடும். அந்தப் புல்லில்தான் ஹெர்ரிங் மீன் முட்டையிடுகிறது. 2021-இல் போட்ட ஒப்பந்தப்படி 2026 அக்டோபருக்குள் குடியிருப்புப் படகுகள் எல்லாம் அகல வேண்டும் என்று முடிவானது. இதில் யார் பக்கம் நியாயம்? புல் பொய்யில்லை. அந்த மனிதர்களுக்குக் கரையில் வீடு இல்லை என்பதும் பொய்யில்லை. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டேன்.

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்வதற்கும் சட்டத்தில் ரொம்ப இடமில்லை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு, இன்னொரு நாட்டின் எல்லைக் கடலைக் கடந்து போகும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அங்கே நிற்பதும் நங்கூரமிடுவதும் வழக்கமான பயணத்தின் பகுதியாகவோ ஆபத்திலோ மட்டுமே. அதாவது, போகலாம். போகிற வழியில் நிற்கலாம். தங்குவது வேறு விஷயம். உள்நாட்டுப் படகுக்கும் ஏறக்குறைய இதே மனநிலைதான். போக்குவரத்துக்காக நிற்பவரை யாரும் கேட்பதில்லை. அதே புள்ளியில் ஆறு மாதம் துணி காயப்போட்டால் யாராவது கேட்பார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "யாரும் கேக்காத எடம்னு ஒண்ணு கெடையாதும்மா. இன்னும் கேக்கல, அவ்ளோதான்."

அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டில் வளர்ந்து, அதே லயத்தில் அம்மாவைக் கட்டி, அதே பால்மரங்களை வெட்டினார். 1990களில் தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போச்சு. மாற்று வீடு தருவதாக வாயால் சொன்னார்கள். தாளில் ஒன்றும் இல்லை. அதன்பின் பல வருஷம் ஆற்றோரம் ஒரு பலகை வீட்டில், தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருந்தோம். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் காலாவதியாகும். டிசம்பர் வந்தால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். இப்போது அவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். மூன்றாவது மாடி. பத்திரம் அவர் பெயரில்.

அந்த மனிதரிடம் போய் "வீட்டைக் காலி பண்ணிட்டுப் படகுக்குப் போறோம்ப்பா" என்று சொன்னபோது அவர் கத்தவில்லை. "எங்கள வெளிய தள்ளுனாங்க. நீ காசு குடுத்து வெளிய போற" என்றார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா இறந்தபின் அவரைக் கொஞ்ச நாள் எங்களோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். குவாவில் நங்கூரமிட்டிருந்தோம். ஃபெர்ரியில் வந்து இறங்கினார். ஜெட்டிப் படியின் கடைசிப் படிக்கட்டு பாசியோடு ஆடுகிறது, அதற்குக் கீழே டிங்கி ஆடுகிறது. அவருக்கு முழங்கால் சரியில்லை. ஒரு காலை நீட்டிப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். "நான் கீழேயே ஒரு ரூம் எடுத்துக்கிறேன்மா" என்றார். அன்றைக்கு நங்கூரத்தின் உண்மையான விலை எனக்கு வெள்ளிக் கணக்கில் தெரிந்தது. மரீனா என்றால் அவர் நடைமேடையில் நடந்து வந்து ஒரு படி ஏறியிருப்பார். மாதம் அறுநூற்றுச் சொச்சம் என்பது அலைத்தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் மட்டுமில்லை, வயதானவர்கள் வீட்டுக்குள் வந்து போவதற்கும் சேர்த்துத்தான்.

அன்றிரவு கணவரும் நானும் காகிதத்தில் கூட்டிக் கழித்தோம். இரண்டு மாதம் மரீனா எடுக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குச் சாயம் பூச வைத்திருந்த பணம் போகும். சாயம் தள்ளிப் போனால் சிப்பி ஏறும், வேகம் குறையும், அவ்வளவுதானே. "எடுப்போம்" என்றார் அவர். எடுத்தோம். அப்பா இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். முன்னறையில் படுத்தார். காலையில் நடைமேடை முழுக்க நடந்து, கொடிகளைப் பார்த்து எது எந்த நாடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பக்கத்துப் படகு நியூசிலாந்துக் கிழவர் அவருக்குக் கயிறு முடிச்சு கற்றுத்தர, இவர் அவருக்கு ஊறுகாய் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த மலாய் மட்டும்.

இரண்டு மாதம் முடிந்ததும் மலிவாக, ஆனால் அப்பா ஏறக்கூடிய இடமாக ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தோம். தீவில் இல்லை. பெருநிலக் கரையில், ஓர் ஆற்றுக்குள், மீனவக் கம்பம் ஒன்றில் கிடைத்தது. பலகை ஜெட்டி. ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள், மறுபக்கத்தில் இடம் காலி. சொந்தக்காரர் வயதான மலாய்க்காரர். பாக் சிக் என்றுதான் கூப்பிடுகிறோம். மரீனா வாடகையில் நாலில் ஒரு பங்குக்குக் குறைவு. ஆனால் ஆற்றுவாயில் மணல்திட்டு. வற்றத்தில் அதன்மேல் ஒரு மீட்டர் தண்ணீர்தான். எங்கள் கீல் ஒன்றரை மீட்டர். ஆகவே ஏற்றம் பார்த்துத்தான் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும். சுமத்ரா வந்தால் நல்ல மறைவு. ஓடிப் போக வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நுழையும்போது தெற்கே ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றுப் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு. நாம் கடாரம் என்று பெருமை பேசுகிற இடம். வந்தவர்கள் உடனே திரும்பியிருக்க முடியாது. வடகிழக்குக் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். காத்திருந்த வணிகர்கள் படகை எங்கே கட்டினார்கள், கரைக்காரருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் இப்போது எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. மலாயில் கப்பலுக்கு "காப்பால்" என்றே பெயர். கடைக்குக் "கெடாய்". பேரம் நடந்திருக்கிறது என்பது நிச்சயம்.

அப்பா அந்த மலையைத் தோட்டத்திலிருந்து தினமும் பார்த்தவர். கடல் பக்கமிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. "இந்தப் பக்கம் வேற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஜெட்டியில் கட்டி முடித்ததும் பாக் சிக்கிடம் முதல் மாதப் பணத்தைக் கொடுத்தேன். எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசீது?" என்றார் என்னிடம், தமிழில்.

"இங்கெல்லாம் ரசீது கெடையாதுப்பா. நல்ல மனுஷர்."

"நல்ல மனுஷர்தான். எங்க கிராணியும் நல்ல மனுஷர்தான். கேளு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். பாக் சிக் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் போய்ப் பேரப்பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். தேதி, தொகை, "ஒரு பாய்மரப் படகு, ஒரு மாதம்" என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழைய உரிமத் தாள்கள் ஆண்டு வரிசையில் இருந்தன. அவற்றுக்கு மேலே இதை வைத்து மூடினார்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் காலை பாக் சிக் மனைவி ஒரு தட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார். அப்பா ஜெட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பலகை ஆடுகிறது, ஆணி அடிக்க வேண்டும் என்றார்.